ஞாயிறு நீங்கலாக நாற்பது நாள்

மார்ச் 4, செவ்வாய்

டாக்டர் ஹமீதா இன்றும் அதையே சொன்னார். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்க்க வேண்டுமாம். என் எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது என்று போன மாதம் சொன்னவரும் இவரே. எலும்புக்குப் பால் வேண்டும், ஆனால் பாலை நிறுத்த வேண்டும் என்றால் எதைக் கேட்பது என்றேன். சுண்ணாம்புச் சத்து சேர்த்த சோயாப் பால் டப்பாவில் வருகிறது, கேழ்வரகு இருக்கிறது, முருங்கைக் கீரை இருக்கிறது, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி இருக்கிறது என்று விரல் விட்டுச் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"வயசாக ஆக நிறையப் பேருக்குப் பாலைச் செரிக்கிற சக்தி குறைஞ்சு போயிடும்மா. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

வெட்கத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

கான்வென்ட் விடுதியில் தினமும் நாலு மணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் பால். மதர் சுப்பீரியர் ஒவ்வொரு டம்ளரையும் சாய்த்து அடியைப் பார்ப்பார். எட்டு வருடத்தில் என் டம்ளரின் அடியில் ஒரு சொட்டு மிஞ்சியதில்லை. அப்படி வளர்ந்த வயிறு இது. எழுபத்து நாலு வயதில் அதற்குப் பால் ஆகவில்லை என்று ஒரு காகிதத்தைப் பார்த்துச் சொல்வது சுலபம்.

மார்ச் 5, சாம்பல் புதன்

ஆறு மணிப் பூசை. நெற்றியில் சாம்பல். தவக்காலம் தொடங்கிவிட்டது.

இந்த வருட ஒறுத்தலாகப் பாலை விடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். டாக்டர் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

விதிகள்: பால், பால் காப்பி, பாயசம், ஐஸ்கிரீம் கிடையாது. தயிர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விலக்கு. தவக்காலத்தின் நாற்பது நாள் கணக்கில் ஞாயிறு சேராது என்பதும், உயிர்ப்பின் நாளில் ஒறுத்தல் இல்லை என்பதும் சிஸ்டர்கள் எங்களுக்கு ஏழாம் வகுப்பிலேயே சொன்னவை. இந்தப் பங்கில் பாதிப் பேருக்கு அது தெரியாது. டெல்ஃபின் மச்சாடு இனிப்பை விட்டிருக்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. கணக்குத் தெரியாத பக்தி.

பூசைக்குப் பிறகு ஃபாதர் அமலதாஸைப் பார்த்தேன். பெரிய வெள்ளி வழிபாட்டின் முதல் வாசகம் பத்தொன்பது வருடமாக என்னுடையது. நீளமான வாசகம். தொலைபேசி நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள் நான். கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பேன். போன வருடம் மட்டும் நடுவில் இறங்க வேண்டியதாயிற்று. தலைச்சுற்றல் என்று சொல்லியிருந்தேன். மீதியை டெல்ஃபின் ஏறி வாசித்து முடித்தாள்.

ஃபாதர் மெதுவாகச் சொன்னார்: "இந்த வருஷம் நீங்க முன்னால உக்காந்து கேளுங்க ஹில்டாம்மா. டெல்ஃபினம்மா வாசிக்கட்டும்."

கேட்பதற்கு எனக்கு வேறு நாட்கள் இருக்கின்றன. தவக்காலத்தின் நாலாம் ஞாயிறு மாலைப் பூசையில் ஒரு வாசகம் கொடுங்கள், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார்.

மார்ச் 6, வியாழன்

பேச்சிக்கனியிடம் சொல்வதுதான் சிரமமாக இருந்தது. பதினோரு வருடமாக அவள் மாட்டுப் பால்தான். இனி வார நாட்களில் தயிருக்கு மட்டும் கால் லிட்டர், ஞாயிறன்று வழக்கம்போல ஒரு லிட்டர் என்றேன். தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன சொல்லுதிய சூப்பர்வைசரம்மா? எம் மாட்டுல என்ன குறை கண்டிய?"

மாட்டில் குறையில்லை, தவக்காலம் என்றேன்.

"உங்க சாமி கறியத்தான வேண்டாம்பாரு. பாலு என்ன பாவம் செஞ்சுது?"

பாத்திரத்தை நீட்டினேன். கால் லிட்டர் ஊற்றிவிட்டு, கொசுறையும் ஊற்றிவிட்டுத்தான் போனாள்.

மார்ச் 7, வெள்ளி

சுத்தபோசனம். கறியும் இல்லை, பாலும் இல்லை. மத்தியானம் நெத்திலிக் குழம்பு.

பெரிய கடைக்குப் போனேன். பால் என்று பெயர் போட்டுக்கொண்டு ஒரு சுவர் முழுக்க டப்பாக்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றின் முதுகையும் வாசித்தேன். கடைப் பெண் இரண்டு முறை வந்து உதவி வேண்டுமா என்றாள். வாசிக்கத் தெரியும் என்றேன்.

பாதாம் டப்பாவில் ஒரு டம்ளருக்குப் புரதம் ஒரு கிராம்கூட இல்லை. பாதாமைக் காட்டிவிட்டுத் தண்ணீரை விற்கிறார்கள். ஓட்ஸ் டப்பாவில் சர்க்கரை. தேங்காய்ப் பால் சொதிக் குழம்புக்கு, குடிப்பதற்கு அல்ல. அரிசிப் பால் என்று ஒன்று. அதைக் கஞ்சித் தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தால் ஒருவரும் வாங்கமாட்டார்கள். சோயா ஒன்றில்தான் புரதம் பசும்பாலுக்குப் பக்கத்தில் வருகிறது. அதிலும் சர்க்கரை சேர்க்காதது, சுண்ணாம்புச் சத்து சேர்த்தது என்று தேடினால் ஒரே ஒரு வகை. கீழ்த் தட்டில் இருந்தது. குனிந்து எடுத்தேன்.

ஒறுத்தல் செய்பவள் மாற்றுப் பால் தேடலாமா என்று வரும் வழியில் ஒரு கேள்வி எழுந்தது. எலும்பு ஆண்டவர் கொடுத்தது, அதைக் காப்பதும் கடமை என்று பதில் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 8, சனி

சோயாப் பாலைக் கொதிக்கும் டிகாக்‌ஷனில் ஊற்றினேன். திரிந்து திப்பி திப்பியாக மிதந்தது. கொட்டிவிட்டேன். இரண்டாம் முறையும் அதேதான். கடுங்காப்பி குடித்தேன்.

டம்ளரைக் கழுவும்போது அடியில் வெள்ளை மண் போல ஒன்று படிந்திருந்தது. டப்பாவை எடுத்துப் பார்த்தேன். குடிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. எந்தச் சத்துக்காக வாங்கினேனோ அது டம்ளரின் அடியில் கிடந்திருக்கிறது. மதர் சுப்பீரியர் சும்மா சாய்த்துப் பார்க்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து முறையான பால் காப்பி. என் வீட்டுக்காரர் கஸ்பார் போன இந்த ஆறு வருடத்தில் ஒரு காப்பிக்கு இவ்வளவு ஆவலாக உட்கார்ந்ததில்லை. இரண்டு டம்ளர். நாலு மணிக்கு ஒரு டம்ளர் பால்.

மாலை ஜெபமாலைக்குப் போகவில்லை. வெயில்.

மார்ச் 13, வியாழன்

இன்று கடற்கரைச் சாலையின் கடைசி வரை நடந்தேன். மூன்று வருடமாகப் பாதியில் திரும்புகிறவள். உடம்பு இலேசாக இருக்கிறது. ஒறுத்தல் ஆன்மாவுக்கு மட்டுமல்ல, உடலுக்கும் நல்லது என்று சிஸ்டர்கள் சொன்னதுண்டு.

வரும் வழியில் டெல்ஃபினைப் பார்த்தேன். "ஹில்டாக்கா, முகம் பளிச்சுன்னு இருக்கே, என்ன போடுதிய?" என்றாள். சோப்பு என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

டெல்ஃபின் வீட்டில் பேரப் பிள்ளையின் ஞானஸ்நான விருந்து. போகாமல் இருக்க முடியவில்லை. ஞாயிறு என்பதால் பாயசம் இரண்டு கிண்ணம். மூன்று மணிக்கு, ஐஸ்கிரீம் வருமுன், எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பாயசத்தில் போட்ட முந்திரி பழையது. டெல்ஃபின் வீட்டில் அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 17, திங்கள்

பழைய முந்திரி.

மார்ச் 20, வியாழன்

வெற்றி. தேதியைச் சிவப்பு மையில் எழுதியிருக்க வேண்டும்.

சோயாப் பாலைத் தனியாக இளஞ்சூடாக்க வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. டிகாக்‌ஷனை மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும். பிறகு பாலில்தான் டிகாக்‌ஷனை ஊற்ற வேண்டும், மெல்லிய தாரையாக, கலக்கிக்கொண்டே. இத்தனை நாள் நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். திரியவில்லை. பச்சைப் பயறு வேகவைத்தது போல் ஒரு வாசம் கடைசியில் வருகிறது, ஆனால் காப்பி என்று நீதிமன்றத்தில் சொல்லலாம். ஆற்றிக் குடித்தேன்.

மத்தியானம் தயிர் சாதம், முருங்கைக் கீரை. மாலை ஜெபமாலையின் ஐம்பது மணிகளும் முழங்காலில் நின்றே.

மார்ச் 23, ஞாயிறு

விலக்கு நாள். காலை காப்பி, நாலு மணிக்குப் பால். மாலையில் வெளியே போகவில்லை. காற்று திசை மாறிவிட்டது, எல்லோருக்கும் உடம்பு சரியில்லை என்கிறார்கள்.

பேச்சிக்கனி மாட்டுக்கு என்ன தீனி போடுகிறாள் என்று கேட்க வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

கேட்டேன். தப்பு என்னுடையது, கேட்டிருக்கக் கூடாது. "பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் போடுதேன், வேற பிரியாணியா போடுவேன்?" என்று சொல்லிவிட்டுக் கொசுறு ஊற்றாமல் போய்விட்டாள்.

மார்ச் 29, சனி

நாளை மாலைப் பூசை. இரண்டாம் வாசகம் எனக்கு. இன்று எட்டு முறை சத்தமாக வாசித்தேன். ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை. இந்த வாரம் முழுக்க இருபது வயது குறைந்தது போல இருந்தது. ஃபாதரின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். அது கர்வம், நாளை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம்.

மார்ச் 30, ஞாயிறு

நாலு மணிக்குத் தெம்புக்காக ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் போனேன். டெல்ஃபின் வாசித்தாள்.

மார்ச் 31, திங்கள்

நேற்று ஒரு வரியில் நிறுத்தியது நேர்மை இல்லை.

பூசை ஐந்தரைக்கு. ஐந்து நாற்பதுக்கு வயிற்றில் அந்த உபத்திரவம் தொடங்கியது. முதலில் சத்தம். பக்கத்தில் இருந்த குழந்தை திரும்பி என் வயிற்றைப் பார்த்தது. பிறகு வலி. முதல் வாசகம் முடியுமுன் பக்கவாசல் வழியாக வெளியேறினேன். வீடு நானூறு அடி தூரம், அதை எப்படிக் கடந்தேன் என்பதை எழுதப் போவதில்லை. ஃபாதர் தொலைபேசியில் அழைத்தார். தலைச்சுற்றல் என்றேன். "ஓய்வெடுங்கம்மா, பெரிய வெள்ளிக்கு டெல்ஃபினம்மா பேரைப் போட்டுடறேன்," என்றார். குரலில் கனிவு. அதுதான் பொறுக்கவில்லை.

காலையில் இருந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று பார்க்க இந்த நோட்டைப் புரட்டினேன். முதலில் பழைய முந்திரியைத் தேடித்தான் போனேன்.

மார்ச் 9 ஞாயிறு, வெயில். 16 ஞாயிறு, முந்திரி. 23 ஞாயிறு, காற்று. 30 ஞாயிறு.

ஞாயிறு தொடங்கித் திங்களுக்கு நீண்டதைத் தவிர வேறு எந்தக் கிழமையிலும் ஒன்றுமே இல்லை. கடற்கரைச் சாலை முழுக்க நடந்த நாள் வியாழன். ஜெபமாலை முழங்காலில் சொன்னது வியாழன். என்னைப் படுக்க வைத்த நாலு நாளும் ஞாயிறு. நாலு நாளும் பால். போன வருடம் பெரிய வெள்ளியன்று ஒருசந்திக்கு ஒரு வேளைச் சாப்பாடுதானே என்று நான் இரண்டு டம்ளர் பால் குடித்துவிட்டுக் கோவிலுக்குப் போனதும் இப்போது ஞாபகம் வருகிறது.

ஆறு நாள் விட்டு, ஒரு நாள் கொடுத்து, மறுபடி ஆறு நாள் விட்டு, எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் இதைவிட ஒழுங்காகச் செய்திருக்கமாட்டார்கள். செய்தவளுக்குத்தான் தான் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து விட்டிருந்தால், டெல்ஃபினைப் போல, எனக்கு இது கடைசி வரை தெரிந்திருக்காது. ஈஸ்டர் அன்று பாலைக் குடித்துவிட்டு ஈஸ்டர் வெயில் என்று எழுதியிருப்பேன்.

பசிக்கிறது. ஒரு மாதத்தில் முதல்முறையாக ஒரு திங்கட்கிழமை எனக்கு நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

விலக்கை எடுக்கவில்லை. சோயாக் காப்பி. மாலைப் பூசையில் இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்றும் நேரவில்லை. ஒன்றும் நேராததை எழுதுவதில் இவ்வளவு மகிழ்ச்சி உண்டு என்று தெரியாது.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒரு பக்கச் சான்று போதாது. இன்று காலை பத்து மணிக்கு வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுக் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒறுத்தலை ஒரு நாள் முறித்தது தெரியும், அதை நாற்பதுக்குப் பிறகு ஒரு நாள் கூட்டி ஈடு செய்வேன்.

10.50 சத்தம். 11.10 வலி. 11.25 எழுந்து போனேன்.

டாக்டர் ஹமீதாவிடம் தொலைபேசியில் நேரங்களை வாசித்தேன். இப்படி எழுதிக்கொண்டு வந்த நோயாளி தனக்கு இதுவரை இல்லை என்றார். தயிர் ஒத்துக்கொள்வது பலருக்கும் உண்டு, உறையும்போதே பாலின் சர்க்கரை குறைந்துவிடுகிறது, விடாதீர்கள் என்றார். பால் கெட்டதா என்று கேட்டேன். ஒத்துக்கொள்பவர்களுக்கு நல்ல உணவு, உங்களுக்கு மட்டும் வேண்டாம் என்றார். அதுதான் எனக்குப் பிடித்தது. பாலின் மேல் பழி போடாமல் அதை விட்டுவிட முடிகிறது.

ஏப்ரல் 10, வியாழன்

இதை அப்படியே எழுதுகிறேன்.

பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சக்ரீஸ்து அறைக்குப் போனபோது ஃபாதர் மெழுகுவர்த்திகளை எண்ணிக்கொண்டிருந்தார். டெல்ஃபின் பீடத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் போகட்டும் என்று சிறிது நேரம் நின்றேன். அவள் போகவில்லை. துணியும் குறையவில்லை.

"ஃபாதர், எனக்குத் தலைச்சுற்றல் இல்ல," என்றேன். "போன வருஷமும் இல்ல, அந்த நாலாம் ஞாயிறும் இல்ல. வயிறு. பால் குடிச்சா எனக்கு ஆகாது. அதை ஒத்துக்க மனசில்லாம தலைச்சுற்றல்னு சொல்லிட்டேன். இப்போ பாலை விட்டாச்சு. பெரிய வெள்ளி வாசகத்தை நான் வாசிக்கணும்."

தொலைபேசி நிலையக் குரல். மெதுவாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பீடம் வரை கேட்டிருக்கும்.

பெயர்ப் பட்டியலைக் கதவில் ஒட்டியாயிற்றே என்று ஃபாதர் டெல்ஃபினைப் பார்த்தார். டெல்ஃபின் கையிலிருந்த துணியை வைத்தாள்.

"அந்த வாசகம்னா எனக்குப் பயம் ஃபாதர். போன வருஷம் பாதியில ஏறினப்ப காலு நடுங்கின நடுக்கம் எனக்குத்தான் தெரியும். அக்காவே வாசிக்கட்டும். எனக்கு ஈஸ்டர் வாசகம் குடுங்க, அது சின்னதுதான." பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா அன்னைக்கு என்ன குடிச்சியன்னு கோவில் வாசல்லயே கேப்பேன், பாத்துக்கிடுங்க."

அவள் சிரித்தாள். நானும் கொஞ்சம்.

வெளியே வரும்போது டெல்ஃபின் பின்னாலேயே வந்து, தன் மூத்த அக்காளுக்கும் இதேதான், நாற்பது வருடம் வாயு என்று சொல்லியே ஓமம் மென்றாள் என்றாள். பட்டியலில் பெயரை அடித்து எழுதக் கூடாது, புதிதாகத் தட்டச்சு செய்து ஒட்டுங்கள் என்று ஃபாதரிடம் திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

குருத்தோலைப் பவனியில் முழுத் தூரமும் நடந்தேன். பாட்டும் பாடினேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

வாசகம் மனப்பாடம். ஆனாலும் புத்தகத்தைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும், அது மரியாதை.

வெள்ளைச் சேலையைத் தேய்த்து வைத்தேன். கஸ்பார் இருந்திருந்தால் மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, நான் முடித்ததும் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பார். அழுததாக ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. இந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

காலையில் தண்ணீர். பன்னிரண்டு மணிக்குக் கஞ்சியும் துவையலும். ஒருசந்தி அவ்வளவே.

கோவில் வாசலில் டெல்ஃபின் நின்றாள். வாயைத் திறக்குமுன் "கஞ்சி" என்றேன்.

மூன்று மணிக்கு வழிபாடு. மேடைக்கு ஏறும்போது கை குளிர்ந்திருந்தது. பயம் என்று எழுதலாம், எழுதிவிட்டேன். போன வருடம் நின்ற அதே வரி வந்தபோது ஒரு கணம் வயிற்றைக் காது கொடுத்துக் கேட்டேன். அங்கே அமைதி. கோவில் முழுக்க அமைதி. அந்த வரியைக் கடந்தேன். அதற்குப் பிறகு இருந்ததெல்லாம் என்னுடையது. ஒரு சொல்லையும் விழுங்கவில்லை, எங்கும் அவசரப்படவில்லை. கடைசி வரியை முடித்து மூன்று எண்ணும் நேரம் நின்றுவிட்டு, என் கால்களால் இறங்கி வந்தேன்.

இரண்டரை மணி நேர வழிபாடு. சிலுவையை முத்தமிடும் வரிசையில் நின்றேன். கடைசி ஆள் போகும் வரை இருந்தேன். கடைசி பெஞ்சுக்கும் பின்னால், வெளிக் கதவருகே செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், காது மந்தம், என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "எல்லாம் கேட்டுச்சும்மா," என்றார்.

ஃபாதர் கை கூப்பினார். அது போதும்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்க வேண்டும்: செய்யச் செய்ய உடம்பு நன்றாகிக்கொண்டே வந்தால் அது ஒறுத்தலில் சேருமா? எனக்குத் தெரிந்தவரை சேராது. அப்படியானால் இந்தத் தவக்காலத்தில் நான் ஆண்டவருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. சாப்பாட்டில் விட்டது எதுவும் எனக்கு வலிக்கவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பேச்சிக்கனி விடிந்ததும் வந்தாள். பெரிய வாளி. தவக்காலம் முடிந்துவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு லிட்டர் அளந்து கொசுறும் ஊற்றினாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவளை உட்காரச் சொல்லி, உண்மையைச் சொன்னேன். மாட்டில் தப்பில்லை, தீனியில் தப்பில்லை, என் வயிற்றுக்கு வயதாகிவிட்டது. இனி நான் பாலாகக் குடிக்கமாட்டேன், தயிராகச் சாப்பிடுவேன், தினமும் அரை லிட்டர் வேண்டும்.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா," என்றாள். "நான் ஒண்ணரை மாசமா அந்த மாட்ட ஏசிக்கிட்டு இருக்கேன்."

சோயாக் காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைத் தூரமாகப் பிடித்துப் பார்த்து, இது எந்த மாடு என்றாள்.

எட்டு மணிப் பூசை. டெல்ஃபின் வாசித்தாள். இரண்டு இடத்தில் மூச்சு தப்பியது. ஒரு பெயரை அவசரமாக விழுங்கினாள். மைக்கிலிருந்து இன்னும் நாலு விரல் தள்ளி நிற்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு சிறு காகிதத்தில் குறித்து வைத்திருந்தேன்.

பூசை முடிந்து அவள் நேராக என்னிடம் வந்தாள். "எப்படி இருந்துச்சுக்கா?" என்று கேட்டாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள்.

காகிதத்தைக் கைப்பைக்குள் மடித்து வைத்தேன்.

"ரொம்ப நல்லா வாசிச்ச டெல்ஃபின்," என்றேன்.

இந்த வருட ஒறுத்தல் அது. நாற்பத்தோராம் நாள் ஈடு கட்டியாயிற்று.